மொக்கைச்சாமி வாங்கிய திறந்த கார்

அத்தியாயம் 12

முத்துப்பேச்சி கனடாவிலிருந்து வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே மொக்கைச்சாமிக்குத் தூக்கம் சரியில்லை. மனைவி வருகிற சந்தோஷம் பாதி. அவளுக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கும் காரை எப்படிக் காட்டுவது என்ற கலக்கம் மீதி.

மகள் நதியாவின் பிரசவத்துக்கென்று போன வருஷம் ஆனி மாதம் விமானம் ஏறியவள். ஆறே மாதத்தில் திரும்பிவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். பேரன் குப்புற விழட்டும், தவழட்டும், பல் முளைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், அவன் இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அதையும் மொக்கைச்சாமி போனில்தான் பார்த்தார்.

இந்தப் பக்கம், திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்து வீட்டில் அவர் ஒற்றை ஆள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்த காலத்தில், பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேரோடு படுத்தவர். பிறகு சொந்தமாக ஒரு தையல் யூனிட் போட்டு, மேலும் கீழுமாக ஐந்து அறை வைத்து வீடு கட்டினார். இப்போது அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்காரப் பிடிக்காமல், அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

கார் விஷயத்தை வீடியோ காலில் மறைப்பது சுலபமாக இருந்தது. எப்போதும் ஒரே சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார். வாசல் பக்கம் போனைத் திருப்பவே இல்லை.

அவள் வந்து இறங்கும் அன்று காலை அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் சண்முகவேல் வந்து சேர்ந்தார். கையில் கம்பெனியின் பெரிய வண்டிச் சாவி.

"ஏனுங்ணா, பெரிய வண்டியவே எடுத்துட்டுப் போலாமுங்க. அக்கா ரெண்டு பொட்டியாவது கொண்டாருவாங்க. இதுல டிக்கின்னு பேருக்குத்தானுங்க இருக்குது. கூரையத் தொறந்தா பாதி எடத்தை அதுவே எடுத்துக்குது."

"பின் சீட்டுல வச்சுக்கலாம்யா."

"அது சீட்டுங்களா? எம்பட பையன உக்கார வெச்சதுக்கே மொழங்கால் தாடையில முட்டுச்சுங்க."

மொக்கைச்சாமி கூரைத் துணியில் படிந்திருந்த பஞ்சைக் கையால் தட்டினார். இந்த ஊர்க் காற்றில் பஞ்சு மிதந்துகொண்டேதான் இருக்கும். மற்ற கார்களில் துடைத்தால் போய்விடும். இதில் துணிக்கூரை. ஒட்டிக்கொள்ளும்.

நீல நிறக் கார். இரண்டே கதவு. ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கோயம்புத்தூரில் பழைய வெளிநாட்டுக் கார்கள் விற்கிற கடையில் தை மாதம் வாங்கியது. வாங்கும்போது விற்பனையாளர் எஞ்சின் பெருமை பேச, இவர் கூரைத் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்து, "மூணு அடுக்கு, நல்ல நெசவு" என்று மட்டும் சொன்னார்.

"வெயிலு மண்டையப் பொளக்கும்ங்ணா. லாரி பின்னால போனா பொகை மூஞ்சிக்கே வரும். மழை வந்தா ஓரங்கட்டி நிறுத்தித்தான் மூடோணும். எங்காவது நிறுத்திட்டுப் போனா, எவனாவது பிளேடு போட்டுக் கூரையக் கிழிச்சுருவானோன்னு பயமா இருக்குது. வேகத்தடையில அடி தட்டுது. இத்தன இருக்குதுங்களே, நல்லதுன்னு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

சண்முகவேல் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அத்தனையும் மொக்கைச்சாமி பட்டது. போன மாதம் தாராபுரம் ரோட்டில் மழையில் மாட்டி, இருக்கை காய நான்கு நாள் ஆனது.

"நல்லது இருக்குய்யா," என்றார். "சொன்னா உனக்குப் புரியாது."

சண்முகவேல் சிரித்துவிட்டு, பெரிய வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

சொல்லியிருந்தால் புரிந்திருக்குமோ என்னவோ. பேச்சி போன பிறகு வந்த மார்கழியில், அவளுடைய போனும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரோடு ஒரு மனிதர்கூடப் பேசவில்லை. கம்பெனி விடுமுறை. பழைய காரை எடுத்துக்கொண்டு சும்மா அவிநாசி வரை போனார். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, போய்த் திரும்பி வந்தார். வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடிக்கும்போது தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார், குரல் இருக்கிறதா என்று.

அதற்கு அடுத்த மாதம் கோயம்புத்தூர்க் கடையில் இந்தக் காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு குடும்பம். அந்த மனிதர் குனிந்து, "சூப்பரா இருக்குதுங்க வண்டி! மழை வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். முன்னால் நின்ற சிறுமி கூரை எங்கே போச்சு என்று கேட்டாள். பச்சை விழுவதற்குள் நாலு வார்த்தை பேசியாகிவிட்டது. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டார்.

பேச மனிதர்கள் கிடைக்கிறார்கள் என்று கார் வாங்கியதை எந்த மனைவியிடம் சொல்ல முடியும்?

*

விமான நிலையத்துக்குக் கூரையைத் திறந்துகொண்டேதான் போனார். தலையில் பழைய ஆர்டரில் மிஞ்சிய தொப்பி. புரட்டாசி வெயில் தோளைச் சுட்டது. வழியில் கல்லூரிப் பையன்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு லாரி ஓட்டுநர் மேலிருந்து, "அண்ணாச்சி, தனியாவா போறீக? நானும் வரட்டா?" என்று கத்தினார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். மூடிய காரில் போகிறவனின் பக்கத்து இருக்கை காலியா இல்லையா என்று எவனுக்கும் தெரியாது. இதில் லாரிக்காரனுக்கும் தெரியும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவளுக்கும் தெரியும். சண்முகவேல் சொல்லாமல் விட்ட குறை இது ஒன்றுதான்.

"இன்னிக்கு ஆளு வருதுப்பா!" என்று அவரும் மேலே பார்த்துக் கத்தினார்.

முத்துப்பேச்சி வெளியே வந்தபோது அவருக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. சுடிதார், காலில் வெள்ளை ஷூ, தோள் வரை வெட்டிய முடி. இளைத்திருந்தாள். கையில் உருட்டிக்கொண்டு வந்தது ஒரே ஒரு சின்னப் பெட்டி.

"எளச்சுட்டியே பேச்சி."

"நீங்க கறுத்துட்டீக. என்ன இப்படி மூஞ்சியெல்லாம் காந்திப்போயிக் கெடக்கு?"

"பெரிய பொட்டியெல்லாம் பின்னால வருதா?"

"இம்புட்டுத்தான்."

மொக்கைச்சாமிக்கு அப்பாடா என்றிருந்தது. சண்முகவேல் பயமுறுத்தியது போல் இல்லை. பெட்டி பின் சீட்டில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.

பேச்சி காரின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

"இது யாரு வண்டி?"

"நம்மதுதான்."

"எப்ப வாங்குனது?"

"தையில."

அவள் விரலை மடக்கிப் பார்க்கவில்லை. ஆனால் மனதுக்குள் எண்ணியது முகத்தில் தெரிந்தது. தினம் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசிய மனிதர்.

"நேர்ல காட்டலாம்னு இருந்தேன்," என்றார். "ஒக்காரு, ஒக்காரு. வண்டி தாழ்வா இருக்கும், பாத்து."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் வண்டியே."

ஒரு வாரமாகப் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். நல்ல காற்று, கண்ணுக்குக் குளிர்ச்சி, டாக்டர் வெயில் படச் சொன்னார். அவள் எதுவும் கேட்கவில்லை. துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அது அவரை வேறு மாதிரி சங்கடப்படுத்தியது. திட்டியிருந்தால் பழைய பேச்சியாக இருந்திருப்பாள்.

நீலாம்பூர் தாண்டியதும் வேகம் பிடித்தது. திறந்த காரில் வேகம் போனால் பேச்சு காதில் நிற்காது, காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். பேச்சி ஏதோ சொன்னாள்.

"என்ன?"

மறுபடி சொன்னாள். அவர் காதில் 'ராபின்' என்ற மருமகனின் பெயர் மட்டும் விழுந்தது.

"மாப்ள நல்லா இருக்காரா?" என்று கத்தினார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துப்பட்டாவின் முனை அவர் கன்னத்தில் படபடவென்று அடித்தது. அந்த அடிகூட அவருக்குப் பிடித்திருந்தது. ஒன்பது மாதமாகப் பக்கத்து இருக்கையில் ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் உட்கார்ந்து வந்தது.

கருமத்தம்பட்டியில் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினார். டீ குடித்தபடி நிதானமாகப் பேசலாம் என்று நினைப்பு. டீ வருவதற்குள் காரைச் சுற்றி ஆறு பேர் கூடிவிட்டார்கள்.

"மைலேஜ் என்னங்க குடுக்குது?"

"ஏனுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

"அக்கா, நீங்களும் அப்படியே ஒக்காருங்க, நல்லா இருக்குது."

மற்ற நாளாக இருந்தால் மொக்கைச்சாமி அரை மணி நேரம் நின்று பதில் சொல்லியிருப்பார். பேக்கரிக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னிக்குத்தான் ஜோடியா வந்துருக்கீங்க" என்றார். பேச்சி கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிக்கடி வருவீகளா இங்க?"

"எப்பவாச்சும்."

"வாராவாரம் வந்துருவாருங்க அக்கா," என்றார் பேக்கரிக்காரர். "டீ ஒண்ணு குடிச்சுப்போட்டு, எல்லாருகிட்டயும் பேசிட்டுத்தான் போவாரு. போறதுக்கே மனசு வராதுங்க அண்ணனுக்கு."

பேச்சி டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

*

திருப்பூருக்குள் நுழைகிற பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். இடது பக்கம் ஒரு டவுன் பஸ் வந்து ஒட்டி நின்றது. காற்று நின்றுவிட்டதால் திடீரென்று எல்லாமே தெளிவாகக் கேட்டது.

"பதினஞ்சு நாளுதான்," என்றாள் பேச்சி.

"என்ன பதினஞ்சு நாளு?"

"திரும்பிப் போக டிக்கெட் போட்டாச்சு."

மொக்கைச்சாமி பின்னால் திரும்பி அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தார். விமான நிலையத்தில் பார்த்து நிம்மதிப்பட்ட பெட்டி. இரண்டு வாரத்துக்கு மேல் தங்குகிற துணி அதில் இருக்காது என்று அப்போது புத்தியில் படவில்லை.

"புள்ளைக்குத்தான் நடக்கத் தெரிஞ்சுருச்சுல்ல? இன்னும் என்னா? மாப்ள இருக்காரு, ரெண்டு பேரும் பாத்துக்கிற மாட்டாங்களா?"

"ராபின் அங்க இல்லங்க."

"வேலையா வெளியூர் போயிருக்காரா?"

"போயிட்டாருங்க. ஆவணியிலயே போயிட்டாரு. தனியாத்தான் கெடக்கா நம்ம புள்ள."

சொல்லி முடிக்கும்போதே அவள் உதடு கோணியது. விமானத்தில் இருபது மணி நேரம் அடக்கி வைத்திருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பஸ்ஸின் ஜன்னல்கள் மேலே வரிசையாக இருந்தன. ஒரு பெண் எட்டிப் பார்த்து, பக்கத்திலிருந்தவளைத் தொட்டுக் காட்டினாள். ஒருவன் போனைத் தூக்கினான், காரைப் படம் எடுக்கிற எண்ணம்தான். அதில் அழுகிற பேச்சியும் விழுவாள். வலது பக்கம் பைக்கில் இருந்த பையன், "அண்ணா செம வண்டிங்ணா!" என்று ஆரம்பித்து, பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மொக்கைச்சாமி கூரைப் பொத்தானை அழுத்தினார். பின்னால் மூடி திறந்து, துணிக்கூரை சோம்பேறி மாதிரி மெல்ல எழும்பியது. பாதியில் இருக்கும்போது பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன். ஒன்று, இரண்டு, பிறகு எல்லாரும். வண்டி நகர்ந்தால் கூரை நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். கூரை முன்னால் வந்து கண்ணாடியின் மேல் விளிம்பில் கவ்விக்கொள்ளும் வரை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் மறுபடியும் சிவப்பு.

காருக்குள் இருட்டாகிவிட்டது. பேச்சியின் அழுகை பெரிதாகக் கேட்டது. அவர் அவள் முதுகில் கை வைத்தார். எலும்பு தட்டியது.

"எனக்கு ஏன்டி யாரும் சொல்லல?"

"நதியா சொல்ல வேணாம்னா. அப்பா ஒத்தையில கெடக்காரு, ராத்திரியெல்லாம் நெனச்சுக்கிட்டே கெடப்பாருன்னா."

"தெனமும் கேட்டேனே. மாப்ள எங்க, மாப்ள எங்கன்னு. ஷிப்டுல இருக்காருன்னு சொன்னீக."

"நீங்க மட்டும் என்னவாம்? தெனமும் என்ன பண்றீகன்னு கேட்டேன். கம்பெனி போனேன், வந்தேன், சாப்பிட்டேன்னீக. பேக்கரிக்காரனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

ஒரு மணி நேரம் தினமும் பேசியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சுவரை மட்டும் காட்டிக்கொண்டு.

சிக்னலைத் தாண்டினார்கள்.

"கம்பெனிய சண்முகவேல்ட்ட பாத்துக்கச் சொல்லிட்டு நீங்களும் வந்துருங்க," என்றாள் பேச்சி, மூக்கைத் துடைத்தபடி. "அதச் சொல்லத்தான் வந்தேன். போன்ல சொன்னா ஒத்துக்கிற மாட்டீக."

"மாப்ள இப்ப எங்க இருக்காரு?"

அவள் துப்பட்டா முனையை விரலில் சுற்றினாள்.

"பேச்சி, கேக்குறேன்ல?"

"இங்கிட்டுத்தான். அவிநாசிபாளையத்துல, அவுக அக்கா வீட்டுல."

மொக்கைச்சாமி பிரேக்கில் கால் வைத்துவிட்டார். வீட்டுக்குப் போகிற திருப்பம் இடது பக்கம் வந்தது. அவர் திரும்பவில்லை. தாராபுரம் ரோட்டைப் பிடித்தார்.

"எங்க போறீக? வேணாங்க. நான் சொல்றதக் கேளுங்க. இப்ப வேணாம்."

அவர் கேட்கவில்லை.

*

ராபினின் அக்கா வீடு ரோட்டோரத்திலேயே இருந்தது. முன்னால் சின்னதாக ஒரு மளிகைக் கடை, அதன் பின்னால் வீடு. ராபினுடையதும் அவர்களைப் போலவே தெற்கிலிருந்து வந்த குடும்பம்தான். அவனுடைய அப்பாவும் மொக்கைச்சாமியும் ஒரே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்களாக இருந்தவர்கள். நதியா அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, சர்ச்சா கோயிலா என்று நடந்த சண்டையெல்லாம் இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கடைசியில் இரண்டு இடத்திலும் மாலை மாற்றினார்கள்.

கடை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் காரைப் பார்த்ததும் எழுந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஓடிவிடுவானோ என்று மொக்கைச்சாமிக்குத் தோன்றியது. அவன் நடந்து வந்து கார் கண்ணாடி பக்கத்தில் நின்றான்.

"வாங்க மாமா." பிறகு உள்ளே பார்த்து, "அத்தை" என்றான். பேச்சி வேறு பக்கம் பார்த்தாள்.

மொக்கைச்சாமி இறங்கினார். வழியெல்லாம் கேட்க வைத்திருந்த கேள்விகள் பெரிது பெரிதாக இருந்தன. தாடியும் அழுக்குச் சட்டையுமாக அவனைப் பார்த்தபோது வாயில் வந்தது வேறு.

"இங்க வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. அரை மணி நேரந்தான் நம்ம வீடு. வரணும்னு தோணல?"

"வந்தா என்னன்னு சொல்றதுங்க மாமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து ஒக்காந்திருக்கலாம்ல?"

ராபின் காரைப் பார்த்தான். முன் சக்கரத்து மேல் படிந்திருந்த தூசியை, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், விரலால் துடைத்தான்.

"உங்களப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் இப்படித்தான் போவீங்க. காத்தாடி வரைக்கும் போயிட்டுத் திரும்புவீங்க. நாலஞ்சு வாரமாப் பாக்கறேன். தனியாவே போவீங்க. தனியாவே வருவீங்க. ஒரு நாள் கைகூடத் தூக்கிட்டேன். நீங்க இந்தப் பக்கம் திரும்பலீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றும் மொக்கைச்சாமிக்கு ஞாபகம் இருந்தது. காற்றாலைகள் சுற்றுகிற வெட்டவெளி வரை போவார். எஞ்சினை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார். அந்த நேரத்தில் உலகத்தில் தன்னை நினைக்க ஒரு ஆளும் இல்லை என்று நினைத்துக்கொள்வார். இங்கே ரோட்டோரத்து ஸ்டூலில் ஒருவன் அவர் வருகிற நேரம் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"ஏன்யா புள்ளைய விட்டுட்டு வந்த?" என்றார்.

"நான் விட்டுட்டு வரலீங்க மாமா. அவதான் போகச் சொன்னா." அவன் காருக்குள் இருந்த பேச்சியைப் பார்த்தான். "அத்தைக்குத் தெரியுமுங்க."

பேச்சி கண்ணாடியை இறக்கினாள். "அத இங்க ரோட்டுல வச்சுப் பேச வேணாம்," என்றாள் தணிந்த குரலில். அவ்வளவுதான் சொன்னாள். இல்லை என்று சொல்லவில்லை.

மொக்கைச்சாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்குள் ராபினின் அக்கா தராசுக்குப் பின்னால் நின்று, பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டைய மாத்திட்டு வா," என்றார் மருமகனிடம். "வீட்டுல மீன் கொழம்பு வச்சிருக்கேன். நானே வச்சது. நல்லாத்தான் இருக்கும். மூணு பேரும் ஒக்காந்து சாப்பிடுவோம். மத்ததெல்லாம் அப்பறம்."

"வேண்டாமுங்க மாமா. அத்தைக்குப் பிடிக்காது."

"அத்தைக்குப் பசிக்குது. நேத்திலருந்து சாப்பிடல அவ. போ."

அவன் உள்ளே போனான். பேச்சி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"நீங்க பண்றது சரியில்ல. நதியாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். எனக்கு எதுதான் தெரியும்?"



ராபின் வந்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்தான். ஆறடிக்கு மேல் உயரம். தலை கூரைத் துணியில் முட்டி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டியிருந்தது. அப்படியே வீடு வரை வர முடியாது.

மொக்கைச்சாமி கூரையைத் திறந்தார்.

"ஊரே பாக்கும்," என்றாள் பேச்சி. "மருமகன் வந்துருக்காரு, மக வரலயான்னு கேப்பாக."

"கேக்கட்டும். ஒன்பது மாசமா 'பொண்டாட்டி எங்க'ன்னு கேட்டவங்கதான்."

வண்டியைக் கிளப்பினார். பின்னால் ராபினின் முழங்கால் அவர் முதுகில் இருக்கை வழியாக முட்டியது. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், யாராவது பேசினால் கேட்க வேண்டும் என்று. ரோட்டோரத்துச் சோளக்காட்டுப் பச்சை வாசனை காருக்குள் வந்து போனது. எதிரே வந்த ஒரு வேன்காரர் தெரிந்தவர், கையைத் தூக்கினார். மூன்று பேரையும் எண்ணியது போலிருந்தது. மொக்கைச்சாமியும் கையைத் தூக்கினார். என்னென்னவோ உடைந்து கிடக்கிற இந்த நேரத்தில், கார் நிறைந்திருக்கிறது என்று ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது. அது வந்ததற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

பேச்சியின் கைப்பைக்குள் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். வீடியோ கால். நதியா.

"அங்க இன்னும் விடிஞ்சுகூட இருக்காதே," என்றாள். "தூங்காம முழிச்சிருக்கா போல."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேச்சி அதைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்தாள். பின்னால் ராபின் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மொக்கைச்சாமி ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார். "எடு," என்றார்.

"வேணாங்க."

"எடு பேச்சி. சொவத்தக் காட்டிப் பேசுனது போதும்."

அவள் எடுத்தாள். போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டாள்.

"வந்து சேந்துட்டியாம்மா?" நதியாவின் குரல் தூக்கக் கலக்கத்தில் கரகரத்தது. மடியில் குழந்தை சிணுங்கியது. "அப்பா வந்தாரா? எங்க இருக்க? என்னம்மா, தலைக்கு மேல மரமெல்லாம் தெரியுது?"

"கார்லதான் இருக்கோம்."

"கார்ல எப்படிம்மா மரம் தெரியும்? அப்பாவக் காட்டு."

பேச்சியின் கை அசையவில்லை. மொக்கைச்சாமியே எட்டிப் போனை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். கூரையில்லாத காரில் மறைக்க எதுவும் இல்லை. திரையின் மூலையில் அவருடைய தோளுக்குப் பின்னால், பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ராபினும் விழுந்தான்.

குழந்தைக்குத்தான் முதலில் தெரிந்தது. திரையைத் தட்டி, "ப்பா" என்றது.

ராபின் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

நதியா குழந்தையின் கையைத் திரையிலிருந்து எடுத்துத் தன் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகு மொக்கைச்சாமி அவளிடம் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்:

"அப்பா, மொதல்ல அவர எறக்கி விடுங்க. அப்பறம் நான் எல்லாத்தையும் சொல்றேன்."

(தொடரும்)